கன்னி மூலையைத் தாண்டிய குழாய்

செங்கோடன் வீட்டுக் கக்கூஸ் அந்த வருடத்தில் மூன்றாவது முறையாக முரண்டு பிடித்தது. முழுக்க அடைத்துக்கொண்டாலாவது ஒரு முடிவு தெரியும். இது அப்படியும் இல்லை. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும், கோப்பையில் வட்டமடிக்கும், விளிம்பு வரை ஏறி நிற்கும், குடுகுடுவென்று முனகும், பிறகு போனால் போகிறதென்று பாதியை மட்டும் இழுத்துக்கொண்டு இறங்கும். மீதி மிதக்கும். நாலு வாளித் தண்ணீரை ஓங்கி ஊற்றினால்தான் அது கண்ணை விட்டு மறையும். புது டைல்ஸ், வெள்ளைப் பீங்கான், சுவரில் பெரிய ஃப்ளஷ் டேங்க் என்று எல்லாம் இருந்து என்ன பிரயோசனம்?

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில், ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்தது அந்த வீடு. செங்கோடனுக்கு வெற்றிலைக் கொடிக்கால். ஒரே மகன் மணிமாறன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் இருபது நாள் நாக்பூர், இந்தூர் என்று வண்டியிலேயே குடித்தனம். வீட்டில் மிச்சம் இருப்பது செங்கோடன், அவர் மனைவி பாவாயி, மருமகள் வெண்ணிலா. மூன்று பேர் உபயோகிக்கிற கக்கூஸ் வருடத்துக்கு மூன்று முறை படுத்துக்கொண்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பிளம்பர் காளியப்பன் வந்தான். செப்டிக் டேங்க் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தான். சுருள் கம்பியைக் குழாய்க்குள் விட்டு முறுக்கினான், இழுத்தான், மறுபடியும் விட்டான். பிறகு உள்ளே போய் ஃப்ளஷை அழுத்தினான். தண்ணீர் சர்ரென்று போயிற்று. பழையபடி மூடியை வைத்து, ஓரத்தில் சிமெண்ட்டைக் குழைத்துப் பூசிவிட்டுக் கையைக் கழுவினான்.

"என்றா ஆச்சு உள்ள?" என்று கேட்டார் செங்கோடன்.

"எதாச்சும் துணி கிணி போயிருக்குமுங்க. இப்பத்த பொம்பளைங்க எல்லாத்தையும் உள்ளயே போட்டுத் தண்ணிய ஊத்தியுடறாங்க. நாம என்னங்க சொல்றது?"

அவன் சொன்னதை அவனோடு விட்டிருக்கலாம். வாசலில் அப்போது, எதிரே வேப்பமரத்தடியில் நிற்கும் பால் வண்டிக்குப் பால் ஊற்ற வந்த பக்கத்து வீட்டுச் செல்லாயி நின்றிருந்தாள். பங்காளி ராசப்பன் மண்வெட்டி கேட்க வந்தவர், வந்த வேலையை மறந்து காளியப்பனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் இருக்கிறார்களே என்று செங்கோடன் ஒரு நொடி யோசிக்கவில்லை.

"இவ காலடி எடுத்து வெச்ச நாள்ல இருந்துதான் இந்தப் பீடை. அதுக்கு முன்ன இருந்துச்சா? இவ பொறந்த ஆட்டையாம்பட்டியில இதையெல்லாம் சொல்லிக் குடுக்க மாட்டாங்களாட்ட இருக்குது. கண்டதையும் அதுக்குள்ள திணிச்சா அதென்ன பண்ணும்?"

சோற்றுப் பையோடு வேலைக்குக் கிளம்பி வந்த வெண்ணிலா வாசற்படியிலேயே நின்றாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. நாமக்கல் போகிற வழியில் ஒரு கோழித் தீவன மில்லில், வருகிற மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. இவள் கையெழுத்துப் போடாமல் ஒரு லாரி இறங்காது. அப்படிப்பட்டவளை, துணியைப் பீங்கானில் போடுகிறவள் என்று நாலு பேர் முன்னால் மாமனார் சொல்கிறார்! முகம் தீயாக எரிந்தது. பையைப் படியில் வைத்துவிட்டுக் காளியப்பனிடம் போனாள்.

"காளியப்பண்ணா, அந்தத் துணியக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுங்க அம்மிணி?"

"உள்ள இருந்ததச் சொல்றீங்கல்ல, அதுதான். எந்த நெறம்னு பாக்கோணும்."

"கையில எங்கீங்க சிக்குச்சு... அது போயிருச்சுங்க."

"போன தடவையும் போயிருச்சு. அதுக்கு முந்தின தடவையும் போயிருச்சு. கண்ணுலயே படாத துணிய மூணு தடவையும் எப்படிங்கண்ணா கண்டுபுடிச்சீங்க?"

ராசப்பன் களுக்கென்று சிரித்துவிட்டார். காளியப்பன் சுருள் கம்பியை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்துவிட்ட கம்பிதான் அது.

அந்தச் சிரிப்புதான் செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை. மோட்டார் ரூமுக்குப் போடுகிற பித்தளைப் பூட்டை எடுத்து வந்து கக்கூஸ் கதவில் மாட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். வேண்டும் என்கிறவர்கள் இனிமேல் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். மருமகளுக்கு மட்டும் கேட்டாலும் கிடையாது.

"உனக்குப் பொடக்காளியில பழசு இருக்குதல்ல, அங்க போயிக்க" என்றார். "ஒழுக்கமாப் பொழங்கத் தெரிஞ்ச அப்பறம் உள்ள வரலாம்."

வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையையும் தாண்டி இருந்தது அந்தப் பழசு. தகரக் கதவு. தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஒரு கையால் கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதை ஒட்டித்தான் ராசப்பன் தோட்டத்துக்குப் போகிற தடம். காலை ஏழு மணிக்கு அந்தத் தடத்தில் ஆண்கள் பேசிக்கொண்டு போவார்கள். அவர்கள் போகும்வரை வெண்ணிலா உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். மில் வேன் ரோட்டில் ஹாரன் அடிக்கும்.

அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். பெயர் கெட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. செல்லாயி கெட்டவள் இல்லை. வாயில் எதுவும் தங்காது, அவ்வளவுதான். இரண்டே நாளில் சங்கதி மில் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. கூட வேலை பார்க்கிற சின்னாயி காதோரம் குனிந்து, "அம்மிணி, தப்பா நெனச்சுக்காத, அதையெல்லாம் பேப்பர்ல சுத்தித்தான் போடோணும்" என்று அன்பாகச் சொன்னாள். இவள் பேப்பரில் சுற்றாமல் ஒரு நாளாவது போட்டிருக்கிறாளா? திட்டினால் திருப்பித் திட்டலாம். அன்பாகப் புத்தி சொல்கிறவளை என்ன செய்வது? வெண்ணிலாவுக்கு அழுகை வந்தது. அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மணிமாறன் போனில் வந்தான்.

"அப்பா பேசறத மனசுல வெச்சுக்காத நெலா. கொஞ்ச நாளைக்குப் பின்னாலயே போயிக்க. நான் வந்து பேசறேன்."

"ஏனுங்க, நீங்க வந்து எதையுங்க பேசுவீங்க? நான் போட்டனா போடலையான்னா?"

"அதில்ல..."

"போட்டிருப்பேன்னு நெனைக்கறீங்களா?"

 போனில் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. "அப்படியே போட்டிருந்தாலும்..." என்று அவன் ஆரம்பித்தபோது வெண்ணிலா போனை வைத்துவிட்டாள். புருஷனே இப்படி என்றால் ஊரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது! இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

அவளுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று தடவையும் காளியப்பன் செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து வைத்திருந்தபோது தண்ணீர் சர்ரென்று போனது. அதை அவளே பார்த்திருக்கிறாள். மூடியை வைத்து சிமெண்ட் பூசின மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அடைப்பு குழாயில் இருந்தால், மூடி திறந்திருந்தால் என்ன, பூசியிருந்தால் என்ன? அடைப்புக்கு மூடி தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் வெற்றிலைக் கட்டுகளோடு வேலூர் மண்டிக்குப் போயிருந்தார். பாவாயி புதுக் கடலை எண்ணெய் டின்னை உடைத்து, வெண்ணிலாவைச் சட்டியைப் பிடிக்கச் சொல்லிச் சாய்த்தாள். ஒரே ஓட்டைதான் போட்டிருந்தாள். எண்ணெய் குடுக் குடுக்கென்று முக்கி முக்கி வந்தது, நின்றது, பின் மொத்தமாகத் துள்ளி வெளியே சிந்தியது.

"அட இதென்ன கெரகம். அந்த ஆணிய எடு சாமி. அக்கட்டால இன்னொரு ஓட்டையப் போட்டாத்தான் வரும்" என்றாள் பாவாயி. மறுமூலையில் ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். எண்ணெய் சத்தமே இல்லாமல் கயிறு மாதிரி இறங்கியது.

வெண்ணிலா சட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். காற்று வெளியே போகவும் உள்ளே வரவும் வழி இல்லையென்றால் எண்ணெயும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. கக்கூஸ் முனகுகிற சத்தமும் இதே சத்தம்தான்! சட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். செல்லாயி வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு குழாய் மொட்டைமாடிக்கு மேல் நிமிர்ந்து நின்றது. ராசப்பன் வீட்டிலும் நின்றது. அந்தத் தெருவில் செப்டிக் டேங்க் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று நின்றது. இவர்கள் வீட்டில் மட்டும் இல்லை.

"அத்தை, நம்மூட்டு டேங்குக்கு ஏர் பைப்பு எங்கீங்க?"

பாவாயி டின்னைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். காது கேட்காதவள் மாதிரி இருந்தாள். வெண்ணிலா பக்கத்தில் போய் நின்று மறுபடியும் கேட்டாள்.

"இருந்துச்சு" என்றாள் பாவாயி. "வெட்டிப்போட்டாங்க."

கதை இதுதான். மணிமாறனுக்கு ஆறு வருடமாகப் பெண் பார்த்தார்கள். முப்பத்துநாலு முடிந்தும் ஒன்றும் அமையவில்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள் இந்தக் காலத்தில்? செங்கோடன் கரூர்ப் பக்கமிருந்து ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டி வந்தார். அவர் வீட்டைச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்து, குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தென்மேற்கு கன்னி மூலை. அதுதான் வீட்டிலேயே உயரமாக இருக்க வேண்டும்; அதற்காகத்தான் தண்ணீர்த் தொட்டியை அங்கே தூக்கி வைப்பது. இந்த வீட்டிலோ வடமேற்கில் நிற்கிற கக்கூஸ் குழாய் அந்தத் தொட்டிக்கு மேல் ஒரு முழம் உயர்ந்து நிற்கிறது. கன்னி மூலையை அமுக்கிவிட்டுக் கல்யாணம் நடக்கச் சொன்னால் எப்படி நடக்கும் என்றார். அன்றைக்கே குழாயை முழங்கால் உயரத்துக்கு வெட்டினார்கள். வெட்டினால் நாற்றம் மூக்குக்கு நேராக வந்தது. அதனால் மேலே ஒரு மூடியை ஒட்டிவிட்டார்கள். தை மாதத்தில் வெட்டினது. ஆவணியில் வெண்ணிலா கழுத்தில் தாலி ஏறிவிட்டது. அன்றிலிருந்து அந்த வாஸ்துக்காரர் பெயரைச் சொன்னாலே செங்கோடன் கும்பிடுவார்.

வெண்ணிலாவுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. முருங்கை மரத்தடிக்குப் போனாள். ஓட்டை வாளி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைத் தூக்கினால் அடியில் குட்டைக் குழாய், தலையில் இறுக்கமான மூடி. இரண்டு வருடமாக அவள் அதைத் தாண்டித்தான் துணி காயப்போடப் போய்க்கொண்டிருக்கிறாள்.

சட்டென்று ஒரு கணக்கு அவளுக்குள் ஓடியது.

"அத்தை, தையில வெட்டினீங்க. நான் ஆவணியிலதானுங்க வந்தேன். நடுவால ஏழு மாசம் தண்ணி ஒழுங்காப் போச்சுங்களா?"

பாவாயி தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அத்தை."

"போவுல" என்றாள். "நானும் நாலு வாளி தூக்கித்தான் ஊத்துனேன். முட்டி வலியோட. வாயத் தொறந்தா எம்மேல பாய்வாரு. பைப்ப வெட்டினதுதான் காரணம்னு சொன்னா, மவன் கல்யாணத்துக்கே குறுக்க நிக்கறயான்னு கேப்பாரு. நீ வந்த... அவரு உன்னயச் சொன்னாரு. நான் சும்மா இருந்துட்டேன்."

"ரெண்டு வருசமாங்க அத்தை?"

பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெண்ணிலாவுக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. வந்தது ஆத்திரம்தான். மாமனாராவது தெரியாமல் பேசினார்; இவள் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாள். பழி ஒரு தலையிலிருந்து இறங்க இன்னொரு தலை கிடைத்ததே என்று இருந்துவிட்டாள்.

"இதை அவுங்க முன்னால சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"அய்யோ சாமி, என்னால ஆவாது" என்றாள் பாவாயி.

"செரி. நான் பாத்துக்கறேன்."

போனை எடுத்துக் காளியப்பனைக் கூப்பிட்டாள். "காளியப்பண்ணா, ஒண்ணா அந்தத் துணியக் கொண்டாந்து காட்டுங்க. இல்லீன்னா ரம்பத்த எடுத்துக்கிட்டு வாங்க. ரெண்டுல எது?" என்றாள்.

 "பைப்பப் பாத்துட்டீங்களா அம்மிணி?" என்று கேட்டான் அவன். "அத வெட்டி மூடி ஒட்டினதே நாந்தானுங்க. அவரு சொல்லி வெட்டினேன். அப்பறம் அவரே கூப்புட்டு ஏன்டா தண்ணி போவுலன்னு கேட்டா, நான் என்னன்னுங்க சொல்றது? வாயில வந்ததச் சொல்லிப்போட்டேன்."

"வாயில வந்தது எந்தலையில உழுந்துச்சு. நீங்க வந்தாகோணும்."

"வாரேனுங்க" என்றான்.

வேலூர் ரோட்டு ஹார்டுவேர் கடைக்கு அவனுடைய டெம்போவிலேயே போனார்கள். பத்தடிக் குழாய் ஒன்று போதும், மாடிச் சுவர் வரைக்கும் வரும், தொட்டிக்குக் கீழேயே நின்றுவிடும், மாமாவும் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று காளியப்பன் யோசனை சொன்னான். நல்ல யோசனைதான். ஆனால் மாடியில்தான் பாவாயி மிளகாயும் வடகமும் காயப்போடுகிறாள். அந்த நாற்றத்தை அதன் மேலேயா விடுவது? பழைய குழாயை அத்தனை உயரம் கொண்டுபோனதும் அதற்காகத்தானே? அது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒளித்து வைக்கிற மாதிரி ஒரு குழாயை நிறுத்த வெண்ணிலாவுக்கு இஷ்டமில்லை. தப்புச் செய்தவர்கள் ஒளிக்கட்டும்.

"ரெண்டு குடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

வேலை இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. மூடியை அறுத்தபோது உள்ளேயிருந்து புஸ்ஸென்று காற்று வெளியேறியது. காளியப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். "இதா உங்க துணி!" என்றாள் வெண்ணிலா. குழாயை ஒட்டி நிமிர்த்தி, சுவரில் மூன்று இடத்தில் பிடி அடித்து, உச்சியில் கொசு போகாமல் வலை போட்ட தொப்பியையும் மாட்டியபோது, அது கன்னி மூலைத் தொட்டிக்கு மேலே ஒன்றரை முழம் உயர்ந்து நின்றது. சாம்பல் நிறம், புதுசு. தெருக்கோடியிலிருந்தே தெரிந்தது.

தெருக்கோடியிலேயே செங்கோடன் பார்த்துவிட்டார். வண்டியை வாசலில் நிறுத்தக்கூட இல்லை. சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"எவன்டா நட்டது? எவ நடச் சொன்னது?"

போட்ட சத்தத்தில் செல்லாயி கை ஈரத்தோடு வந்தாள். ராசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கூட இன்னும் நாலைந்து பேர். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, வேறு என்ன சோலி.

"நாந்தானுங்க மாமா" என்றாள் வெண்ணிலா. "அடைச்சுக்கிட்டது துணி இல்லீங்க, காத்து. குழாய வெட்டி மூடினதால காத்துக்குப் போக்கு இல்லாமத் தண்ணி நின்னுச்சு. இப்பப் போவும்."

"புத்தி சொல்றயா நீ? அந்தக் குழாய வெட்டினதாலதான்டி நீயே இந்த ஊட்டுக்கு வந்தே! ஆறு வருசம் நாய் மாதிரி அலைஞ்சேன் எம்பையனுக்கு. குழாய் எறங்குச்சு, கல்யாணம் நடந்துச்சு. இப்ப மறுக்கா ஏத்திட்டே. குழாய் இருந்தா நீ இருக்க மாட்டே, தெரிஞ்சுக்க. எது வேணும்? குழாயா, நீயா?"

 செங்கோடன் வெறும் வாய்ச்சவடாலுக்காகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே பயம்.  வெண்ணிலாவுக்கும் அது தெரிந்தது. தெரிந்தாலும் அவள் ஒரு அடி பின்வாங்கவில்லை.

"குழாய் ஏறி ரெண்டு மணி நேரம் ஆச்சுங்க மாமா. நான் இங்கதான் நிக்கறேன். உங்க பையனக் கட்டிக்கச் சம்மதம்னு சொன்னது நானு. பிளாஸ்டிக் குழாய் இல்லீங்க."

"காளியப்பா, புடுங்குடா அத!"

காளியப்பன் அசையவில்லை. செங்கோடன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவரே போனார். குழாய்க்கும் அவருக்கும் நடுவில் வெண்ணிலா போய் நின்றாள். அவர் கை கடப்பாரையோடு அந்தரத்தில் நின்றது.

"கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது. பாவாயி.

அவள் அப்படிப் பேசி அந்தத் தெருவில் எவரும் கேட்டதில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். முந்தானையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"தையில வெட்டினோம். இவ ஆவணியில வந்தா. நடுவால ஏழு மாசம் நான் தூக்குன வாளிக்கு யாரு பொறுப்புங்க? அப்பவே தண்ணி போவுல. நீங்க விடியக்காலையிலயே எந்திரிச்சுக் கொடிக்காலுக்குப் போயிருவீங்க, உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குப் பின்னால ஊத்தினதும் நாந்தான். இந்தப் புள்ள மேல பழி போட்டப்ப நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அது பாவமுங்க. சாவியக் குடுங்க."

"நீ உள்ள போ."

"சாவியக் குடுங்கன்னேன்."

பாவாயி நீட்டிய கையை இறக்கவில்லை. ராசப்பன் தொண்டையைச் செருமினார். "குடுங்கண்ணா. போவுதா இல்லையான்னு பாத்துப்போடலாம். அதுல என்ன இருக்குது?" என்றார். செங்கோடன் கடப்பாரையைக் கீழே போட்டார். இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்ப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

வெண்ணிலா பூட்டைத் திறந்து உள்ளே போனாள். கதவை மூடவில்லை. ஒரே தடவை அழுத்தினாள். அடித்துக்கொண்டு இறங்கியது தண்ணீர். முனகல் இல்லை, வட்டம் இல்லை, ஒரு இழுப்பில் வெறும் பீங்கான். அந்தச் சத்தம் வாசல் வரை கேட்டது. டேங்க் நிரம்பியதும் இன்னொரு தடவை அழுத்தினாள். "அடேங்கப்பா!" என்றாள் செல்லாயி.

வெளியே வந்து மாமனாருக்கு எதிரே நின்றாள்.

"மாமா, போன வாரம் இதே வாசல்ல வெச்சு, இவுங்க முன்னால ஒண்ணு சொன்னீங்க. இப்பவும் அதே ஆளுங்கதான் நிக்கறாங்க. அது நான் பண்ணலைன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

செங்கோடன் அவளைப் பார்த்தார், ராசப்பனைப் பார்த்தார், அண்ணாந்து குழாயைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோத்தப் போடு பாவாயி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகத் திரும்பினார். சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோய்விடும்? ஒரு வார்த்தை! ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அறுபத்திரண்டு வருட வீம்பு குறுக்கே நின்றது.

"அப்படீங்களா" என்றாள் வெண்ணிலா. கக்கூஸ் கதவைச் சாத்தினாள். பித்தளைப் பூட்டை மாட்டி அழுத்தினாள். சாவியைக் கொண்டுபோய்ப் பாவாயி கையில் வைத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க அத்தை. நீங்களும் நானும் போயிக்கலாம். மாமா பொடக்காளிக்குப் போவட்டும். சொன்னதுக்கு அப்பறம் உள்ள வரலாம்."

ராசப்பன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மெதுவாக இடத்தைக் காலி பண்ணினார்.

பாவாயி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எத்தனை மணி நேரம் தாங்குவாள் என்று வெண்ணிலாவுக்கே சந்தேகம்தான். திங்கட்கிழமை விடியக்காலையில் செங்கோடன் கேட்டார். "மருமவளக் கேளுங்க" என்றாள் பாவாயி. செவ்வாய்க்கிழமை கத்தினார். "மருமவளக் கேளுங்க" என்றாள். அவர் தகரக் கதவின் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடத்தில் போனவர்கள், "யாரு, செங்கோடண்ணனா? என்னங்கண்ணா இங்க?" என்று வெளியே நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை காலை பால் வண்டி வழக்கம்போல வந்து வேப்பமரத்தடியில் நின்றது. கேனோடு பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். நம் வீட்டுப் பாலை இன்றைக்கு நானே ஊற்றுகிறேன் என்று செங்கோடன் பாவாயி கையிலிருந்து கேனை வாங்கிக்கொண்டு போனார். வெண்ணிலா சோற்றுப் பையோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாலை ஊற்றினார். நகரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். யாரையும் பார்க்காமல், பால் கேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கூட்டு மருமவ ஒண்ணும் போடலீங்க. குழாய வெட்டச் சொன்னது நானு. எல்லாம் அதனால வந்தது."

சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பினார். வண்டி எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வரிசையின் பின்னால் நின்ற செல்லாயி காதருகே கையை வைத்து, "என்னங்கறாரு?" என்று பக்கத்தில் கேட்டாள்.

"செல்லாயக்காவுக்குக் கேக்கலீங்களாமா மாமா" என்று வாசற்படியிலிருந்து குரல் கொடுத்தாள் வெண்ணிலா. "இன்னொருக்கா சொல்லுங்க."

பால் வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். தெரு முழுக்கச் சத்தம் அடங்கியது.

செங்கோடன் இன்னொரு தரம் சொன்னார்.